மாமி ரேடியோவைக் குளிப்பாட்டினார்

வேதா மாமி வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கிற கல்லின் மேல், நான் ஒட்டி முடித்துக் கொடுத்த ரேடியோப் பெட்டி நின்றிருந்தது. மாமி ஹண்டே என்கிற பெரிய வெந்நீர் அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு அதன் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நான் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் பார்த்ததைப் புத்தி வாங்கிக்கொள்ள மறுத்தது. குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்போல ஒரு கையால் பெட்டியை அணைத்துப் பிடித்து, மறு கையால் செம்பைச் சாய்த்தார். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. துளசி இலைகள் அதோடு இறங்கி, முன்பு ஸ்பீக்கர் இருந்த அகலமான வாய்க்குள் போய் விழுந்தன.

ஆவி கொஞ்சம் விலகியதும் மேல் பலகை தெரிந்தது. முந்தின நாள்தான் அதற்குக் கடைசிக் கை பாலிஷ் போட்டிருந்தேன். அந்தப் பளபளப்பு வெளுத்துப் பால் நிறமாகியிருந்தது. தோசை வெந்ததும் ஓரம் எழும்புமே, அப்படி ஒரு மூலையில் மரத்தின் மேல்தோல் மெல்ல எழும்பியது. அடுத்த செம்பு விழுந்தது. மேல்தோல் முழுசாக வழுக்கிக் கல்லின் மேல் வந்து படுத்தது.

"வந்தியா," என்றார் மாமி, திரும்பாமலே. "அந்தப் பக்கம் ஸ்வல்ப திருப்பிப் பிடி. அங்கே இன்னும் தீர்த்தம் படலே."

எங்கள் தெருவில் ரேடியோக்கள்

அந்தப் பெட்டி எப்படி அந்தக் கல்லுக்கு வந்தது என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை தப்பினால் எனக்கு எழுத வராது.

கேபிள் டிவி வந்த புதிது அது. மைசூரில் எங்கள் ஒண்டிக்கொப்பல் தெருவில் வீட்டுக்கு வீடு கறுப்பு வயர் ஓடியது. கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்த வால்வு ரேடியோக்கள் முதலில் மூலை ஸ்டூலுக்கும், பிறகு பரணுக்கும், அதன் பின் பழைய பேப்பர்காரரின் தராசுக்கும் போயின. தராசுக்குப் போகும் வழியில் சில பெட்டிகள் எங்கள் வீட்டில் இறங்கின.

நான் அப்போது அரசு அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைபவள். பகல் முழுக்க டிரேசிங் தாளில் பிறத்தியார் வீடுகளுக்கும் சாக்கடைகளுக்கும் கோடு போடுவேன். மாலையில் பின்பக்கத் தாழ்வாரத்தில் ரேடியோப் பெட்டிகளின் மேல்தோலைச் சரிசெய்வேன். உள்ளே இருக்கும் வால்வு, கம்பிச்சுருள் எதையும் தொடமாட்டேன். அது என் கணவர் மாதேசனின் பக்கம். அவர் ரயில்வே பணிமனையில் எலக்ட்ரீஷியன்.

மேல்தோல் என்றேன். தச்சர்கள் வெனீர் என்பார்கள். பழைய ரேடியோப் பெட்டி பார்க்க முழு ஈட்டி மரம்போல இருக்கும். உண்மையில் அடியில் இருப்பது சாதாரணப் பலகை. அதன் மேல் காகிதம்போலச் சீவிய உயர்ந்த மரத்தை ஒட்டியிருப்பார்கள். ஈரம் பட்டால் அந்தப் போர்வை கொப்புளிக்கும். வெயில் பட்டால் வெடிக்கும். ஓரத்தில் துடைக்கிற துணி மாட்டினால் சில்லுச் சில்லாகப் பெயரும்.

இந்த வேலைக்கு என்னைக் கொண்டுவந்தது என் அப்பாவின் ரேடியோ. போன வாரம் இந்தப் பத்தியில் எழுதிய, நாங்கள் முன்பு குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் கூரை ஒழுகும். ஒரு மழைக்காலத்தில் ரேடியோவின் தலையில் ஒரு கொப்புளம் வந்தது. விரலால் அழுத்தினால் 'டக்' என்று உள்ளே போகும், எடுத்தால் 'டக்' என்று வெளியே வரும். கடைக்காரர் ஒருவர், மொத்தமாகப் பிரவுன் பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார். எனக்கு அது ரேடியோவுக்குச் சட்டை போட்டு முகத்தையும் மூடுகிற யோசனையாகப் பட்டது. ஈரத் துணியைப் போட்டு அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். கொப்புளம் அமுங்கியது. துணியை எடுத்தபோது பாலிஷும் பாலாடைபோலத் துணியோடு வந்துவிட்டது. அப்பா எட்டிப் பார்த்தார். ரேடியோ ஆபீஸுக்குப் போகப்போகிறதா, இஸ்திரி எல்லாம் நடக்கிறதே என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு மெதுவாகப் பிடிபட்டது. கொப்புளத்தை மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே பிளேடால் கீற வேண்டும். குறுக்கே கீறினால் தழும்பு ஆயுசுக்கும் தெரியும். ஒட்டுத் துண்டைச் சதுரமாக வெட்டக்கூடாது. இரு முனையும் கூரான ஓடம்போல வெட்டினால்தான் கண் ஏமாறும். வளைந்த மூலைகளுக்குப் பழைய தலையணை உறையில் மணல் நிரப்பிச் சுடவைத்து அழுத்த வேண்டும். மண்டி மொஹல்லாவில் மரத்தில் சித்திரம் பதிக்கும் பட்டறைகளின் குப்பையில் எனக்கு வேண்டிய மரச்சீவல்கள் கிடைத்தன. குப்பையைக் கிளறும் பெண்மணி என்று அங்கே எனக்கு ஒரு பெயரும் கிடைத்தது.

வஜ்ரம்

ஒட்டுவதற்கு வஜ்ரம். சந்தேபேட்டையில் ஹார்டுவேர் கடையில் பொன்னிறச் சில்லுகளாகக் கிடைக்கும். தண்ணீரில் ஊறவைத்தால் வீங்கிக் கொழகொழவென்று ஆகும். அந்த டப்பாவை வெந்நீருக்குள் வைத்து இளக்க வேண்டும். நேராகத் தீயில் காட்டினால் கெட்டுவிடும். நனைந்த தோல் செருப்பை அடுப்பில் வைத்தால் என்ன நாற்றம் வருமோ அது வரும். அதனால் அதற்கென்று ஒரு கரியடுப்பு எங்கள் கொய்யா மரத்தடியில் தனியாக இருந்தது. நான் அடுப்பு மூட்டினால் தெரு நாய்கள் இரண்டு வந்து வேலியோரம் மரியாதையாக உட்கார்ந்துகொள்ளும்.

மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பதுதான் வஜ்ரம். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். தச்சர் சொல்லமாட்டார். கேட்பவரும் கிடையாது. கல்யாணக் கட்டிலிலும் பீரோவிலும் கோயில் வாகனத்திலும்கூட அது இருக்கும். வஜ்ரம் போட்டது என்றால் நல்ல வேலை என்று அர்த்தம், அவ்வளவுதான். எங்கள் வீட்டிலோ ஞாயிற்றுக்கிழமை கறி வேகும். வஜ்ரம் எதிலிருந்து வருகிறது என்பது ஒரு சேதி என்றே எனக்குத் தோன்றியதில்லை.

டப்பாவில் வரும் வெள்ளைப் பசை மட்டும் என் வீட்டுப் படியேறாது. வஜ்ரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். அதனால் பின்னால் வருகிறவர் பிரித்துச் சரிசெய்யலாம். வெள்ளைப் பசை பிடித்தால் பிடித்ததுதான், மரத்தைக் கிழித்தாலொழிய விடாது. யாரோ வெள்ளைப் பசை போட்டுக் கெடுத்த ரேடியோ ஒன்றை ஒருவர் கொண்டுவந்தபோது, வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். அவர் போனபின் தாழ்வாரத்தைக் கழுவிவிட்டேன். அழுக்காக இருந்தது, கழுவினேன். என் கணவர் அன்றிலிருந்து அதை என் ஆசாரம் என்று சொல்லி ஊரெல்லாம் சிரித்தார்.

கிருஷ்ணனுக்கு ஒரு வீடு

வேதா மாமி எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். மேல்கோட்டையிலிருந்து வந்த வைஷ்ணவக் குடும்பம். பேசுவது தமிழ்தான், ஆனால் அதில் பாதி எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று. மாமா போய்விட்டார். ஒரே பிள்ளை சம்பத் பெங்களூரில் கம்பெனி வேலையில் இருந்தான். அந்த ஆடியில் வீட்டை விற்று, மாமியைத் தன் பிளாட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. லாரி வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது.

மாமிக்கு வீடு போனதைப் பற்றிப் பெரிய பேச்சு இல்லை. கிருஷ்ணரைப் பற்றித்தான் பேச்சு. உள்ளங்கை அளவு, தவழ்கிற பித்தளைக் கிருஷ்ணர். அவருக்குப் பால் காட்டாமல் மாமி எதையும் வாயில் வைத்ததில்லை. பிளாட்டில் பூஜை அறை இல்லை; சமையலறை அலமாரியில் ஒரு தட்டு காலி செய்து தருவதாக மருமகள் சொல்லியிருந்தாள்.

"மிக்ஸி பக்கத்துலேடி," என்றார் மாமி. "அவர் என்ன, சட்னி அரைக்கவா வந்திருக்கார்?"

மாமாவின் ரேடியோ பரணில் இருந்தது. மாமா அதில் காதை ஒட்டவைத்துக்கொண்டு சமஸ்கிருதச் செய்தி கேட்பார், கிரிக்கெட்டும் கேட்பார். இரண்டுக்கும் ஒரே மாதிரித் தலையாட்டுவார். அதன் உள்ளுறுப்புகளை எடுத்துவிட்டால் கிருஷ்ணருக்கு அளவெடுத்துச் செய்த கோயில். சம்பத்தும் ஒப்புக்கொண்டான், ஒரு நிபந்தனையோடு. பெட்டி பார்க்கும்படி இருந்தால் லாரியில் ஏறும், பழைய டப்பாவாக இருந்தால் தெருவிலேயே நிற்கும்.

பெட்டியை இறக்கிப் பார்த்தேன். பரணில் ஓட்டைக்கு நேர் கீழே இருந்திருக்கிறது. தலை முழுக்கக் கொப்புளம். இடது பக்க மேல்தோல் பாதி தொங்கியது. வளைந்த மூலை இரண்டிலும் சில்லுகள் போயிருந்தன. ஆனால் எஞ்சியிருந்த ரேகை அழகு. ஈட்டி மரத்தின் கருஞ்சிவப்பில், ஆற்று மணலில் தண்ணீர் விட்டுப்போன வரிகள் மாதிரி.

நான் அந்தப் பெட்டிக்குக் கொடுத்த உழைப்பை வேறெதற்கும் கொடுத்ததில்லை. கொப்புளங்களைக் கீறி, சாப்பாட்டுக் கத்தியைத் தேய்த்து மெல்லிதாக்கி, அதன் நுனியால் வஜ்ரத்தை உள்ளே தள்ளினேன். மூலைகளுக்கு ஓடத் துண்டுகள் வைத்தேன். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொட்டலத்தால் எட்டுப் போட்டுப் போட்டுத் தேய்த்தேன். என் கணவர் ஸ்டேஷன் பெயர்கள் எழுதிய கண்ணாடியை அப்படியே வைத்து, அதன் பின்னால் ஒரு சின்ன பல்பு பொருத்தினார். சுவிட்சைப் போட்டால் கொழும்பும் டெல்லியும் மஞ்சளாக ஒளிரும். கிருஷ்ணர் அவற்றின் கீழே, ஸ்பீக்கர் இருந்த இடத்தில், உட்காரலாம்.

ஒரு வேடிக்கைப் பேச்சு

திங்கட்கிழமை மாலை பெட்டியைக் கொண்டுபோய் வைத்தோம். மாமி புடவைத் தலைப்பால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். மாமா இருந்தால் இதில் மூஞ்சி பார்த்து க்ஷவரம் பண்ணிக்கொண்டிருப்பார் என்றார். அன்று சாயங்காலமே நல்ல வேளை பார்த்து, கிருஷ்ணரை உள்ளே எழுந்தருளப் பண்ணினார். விளக்கேற்றினார். அக்காரவடிசல் செய்து காட்டி, எங்களுக்கும் கொடுத்து, தானும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்.

என் கணவர் தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிப் பக்கத்துக்காரர். நெய் வழியும் இனிப்பு உள்ளே போனால் அவருக்கு வாய் சும்மா இருக்காது. மாமியிடம் அவருக்கு நெடுநாளாகக் கேலி உண்டு, மாமியும் விட்டுக்கொடுக்கமாட்டார். மாமி பெட்டியை மோந்து பார்த்து, புது பாலிஷுக்கு அடியில் ஏதோ ஒரு வாசனை வருகிறதே, என்ன என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அது வஜ்ரமுங் மாமி," என்றார் இவர். "மாட்டுத்தோலைக் காச்சி எடுக்கறது. கோபாலன்தானுங்களே, மாட்டை வுட்டுப்போட்டு எங்க போவாரு?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும், வெட்கமாக இருக்கிறது, பாதிப் புன்னகை வரை போய்விட்டேன். மாமி கேலியைத் திருப்பியடிக்கக் காத்திருந்தோம்.

மாமி தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காரவடிசல் சாப்பிட்ட கை. முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது என்று கதைகளில் படித்திருக்கிறேன். அன்றுதான் நேரில் பார்த்தேன். நெற்றியிலிருந்து கீழே, திரை இறங்குவதுபோல, நிறம் இறங்கியது.

"நிஜமாவா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என் கணவரைப் பார்க்கவில்லை.

ஆமாம் என்றேன். எல்லா மரவேலையிலும் அதுதான் மாமி, பெட்டி முதலில் செய்தபோதும் அதுதான் போட்டிருப்பார்கள் என்று ஆறுதலாக நினைத்துச் சேர்த்துச் சொன்னேன். அது ஆறுதல் இல்லை என்று வாய் மூடியபின் தெரிந்தது. மாமா காலமெல்லாம் காதை ஒட்டிவைத்துக்கொண்டிருந்த பெட்டி அது.

மாமி எழுந்தார். பெட்டியின் பின்பக்கமாகக் கையை விட்டுக் கிருஷ்ணரை எடுத்தார். ஒரு பித்தளைத் தட்டில் வைத்து, தட்டைத் தரையில் வைத்தார். கொல்லைப் பக்கம் போனார். குழாய்த் தண்ணீர் தலையில் விழும் சத்தம் கேட்டது. இருட்டுகிற நேரம், வெளியே மழை. நாங்கள் இருவரும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்தோம். உள்ளே நுழைந்ததும், "நான் ஏம் புள்ள அதைச் சொன்னேன்?" என்று இவர் என்னைக் கேட்டார்.

ஹண்டே காலியாகும்வரை

மறுநாள் காலை மாமியைப் பார்த்துவிட்டு அலுவலகம் போகலாம் என்று நான் போனபோதுதான், ஆரம்பத்தில் சொன்ன காட்சி.

மாமியின் கணக்கு மிக எளிமையானது. தீட்டுப் பட்டது எதுவானாலும் தண்ணீர் விட்டுச் சுத்தி பண்ண வேண்டும். பாத்திரம், புடவை, மனுஷர், ரேடியோ, எல்லாவற்றுக்கும் ஒரே வழி. மாமாவின் பெட்டியைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. அப்படியே வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஆகவே ஹண்டேயின் அடியில் விறகு வைத்து, மஞ்சளும் துளசியும் போட்டு, அதற்குத் தலைக்கு ஊற்றினார். கண்ணாடியையும் பல்பையும் மட்டும் பத்திரமாகக் கழற்றித் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

வெனீர் போட்ட பெட்டிக்குச் செய்யக்கூடாத காரியம் என்று ஒன்று உண்டானால் அது இதுதான். நான் நாலு துளி ஈரம் சிந்தினாலே பதறிக்கொண்டு ஒற்றியெடுப்பேன். அங்கே ஓடை ஓடியது. என் ஓடத் துண்டுகள் ஒவ்வொன்றாக மூலையிலிருந்து கழன்று மஞ்சள் தண்ணீரில் மிதந்து, நிஜ ஓடங்களாகவே சாக்கடை வாய் நோக்கிப் போயின. நான் குனிந்து பொறுக்கினேன். கை வெந்தது.

"மாமி, நிறுத்துங்க. எல்லாம் பேந்துடும்," என்றேன்.

"பேரட்டும். பேரத்தானே ஊத்தறேன்?"

அப்போதுதான் எனக்கு இரண்டாவது தடவை தூக்கிவாரிப்போட்டது. மாமி பெட்டியைக் கெடுக்கவில்லை. வெந்நீர் வஜ்ரத்தைத்தான் தேடிப்பிடித்து இளக்கி வெளியே தள்ளியது. மாமி விரலால் பலகையைத் தடவி, வழவழப்பாக இருந்த இடத்தில் மறுபடி ஊற்றினார். வழவழப்புப் போனதும் அடுத்த இடம். நான் பழைய பசையை எடுக்கச் செய்வதும் இதையேதான், ஈரத் துணியும் இஸ்திரிப் பெட்டியுமாக, விரற்கடை விரற்கடையாக.

கிருஷ்ணர் இன்னும் தரையில் தட்டில்தான் இருந்தார். மாமியிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். அவருக்கு இடம் இல்லாமல் பால் எங்கே வைத்துக் காட்டுவது என்று திருப்பிக் கேட்டார். காபிகூடக் குடிக்கவில்லை. ரத்த அழுத்த மாத்திரை சாப்பாட்டுக்குப் பின் எடுப்பது, அதுவும் இல்லை. செம்பைத் தூக்கும்போது தோள் ஆடியது.

பாதி கழுவின பெட்டி எதற்கும் உதவாது. பையைக் கதவோரம் வைத்தேன். மாமியை உட்காரச் சொல்லி, செம்பை வாங்கி, மீதியை நான் ஊற்றினேன். வீட்டிலிருந்து பித்தளைத் தூரிகையும் சுரண்டுகிற தகடும் கொண்டுவந்து, ரேகைக்குள்ளும் இடுக்குக்குள்ளும் இருந்ததை எல்லாம் எடுத்தேன். என் வேலையை நானே, நான் செய்ததைவிட ஒழுங்காக, அழித்தேன். மாமி ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். அன்று அலுவலகம் போகவில்லை.

வெள்ளைப் பசை

மேல்தோல்களைச் செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, மிதச் சூட்டில் இஸ்திரி போட்டு உலர்த்தினேன். பெரும்பாலானவை பிழைத்தன. மஞ்சள் மட்டும் ரேகைக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. ஸ்பிரிட்டால் துடைத்தும் போகவில்லை.

மாமி எங்கள் தாழ்வாரத்துக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வேறு எதையாவது வைத்து ஒட்டு என்றார்.

மைதாப் பசை, புளியங்கொட்டைப் பசை எல்லாம் யோசித்தேன். ஆடி மாத ஈரத்தில் பூசணம் பிடிக்கும். லாரியின் ஆட்டத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலமே பெயரும். மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதை மாமியிடம் விளக்கினேன். விளக்கினேன் என்பதைவிட மன்றாடினேன் என்பது சரி. அது வேண்டாம் மாமி, அதைப் போட்டால் அப்புறம் யாராலும் இதைப் பிரிக்க முடியாது, நாளைக்குக் கொப்புளித்தால் சரிசெய்ய வழியே இல்லை, இந்த மரத்துக்கு அது கொலை என்றேன். சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது.

மாமி என் முகத்தை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரிக்க வேண்டாமே," என்றார். "பிரியாம இருக்கட்டும். எனக்கப்புறம் இதை யாருடி தொறந்து பாக்கப் போறா?"

என் கணவர் மழையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அந்த டப்பாவை வாங்கிவந்தார். மூடியைத் திறக்கும்போது எனக்குக் கை கூசியது. வாசனையே இல்லை. அதுதான் மிகவும் அருவருப்பாக இருந்தது. பலகையிலும் தோலிலும் மெல்லிசாகப் பூசி, இரண்டையும் உலரவிட்டு, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துச் சூடாக இஸ்திரி போட்டால் உடனே பிடித்துக்கொள்ளும் என்று எங்கோ படித்திருந்தேன். நம்பவில்லை. செய்தேன். பிடித்துக்கொண்டது. நகத்தால் தட்டினேன். எங்கும் 'டக்' இல்லை. நாள் கணக்கில் மணல் மூட்டை சுமந்து நான் செய்கிற வேலையை அந்த வெள்ளைக் குழம்பு ஒரு பொழுதில் முடித்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அடி வாங்கியவள்போல உட்கார்ந்திருந்தேன்.

பாலிஷ் எதில் என்று மாமி கேட்டார். அரக்கு என்றேன். நல்லது, அரக்கு நல்ல வஸ்து என்றார். அரக்கு ஒரு பூச்சியிடமிருந்து வருவது. என் கணவர் வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மழை நின்றுவிட்டதா என்று பார்க்க எழுந்து போனார்.

தட்டிலிருந்து பெட்டிக்கு

புதன்கிழமை மத்தியானம் பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனோம். மாமி குளித்துவிட்டு நின்றிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். அடுப்பில் பால் பொங்கி இறக்கி வைத்திருந்தது. கிருஷ்ணர் இன்னும் தரையில்.

கண்ணாடியை மாட்டிப் பல்பைப் போட்டோம். பழைய கருஞ்சிவப்புக்கு அடியிலிருந்து மஞ்சள் ஒரு வெளிச்சமாக மேலே வந்தது. அப்படி ஒரு நிறத்தை நான் எந்த ரேடியோவிலும் பார்த்ததில்லை. வேண்டும் என்று யாரும் செய்யவும் முடியாது.

மாமி கிருஷ்ணரைக் கையில் எடுத்தார். பெட்டிக்குப் பின்னால் போனவர், கையை உள்ளே விடாமல் நின்றார்.

"சரோஜா, இந்தப் பசையை எதுலே பண்றா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே காலையில் சந்தேபேட்டைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் சிரித்தார். டப்பாவின் நான்கு பக்கமும் படித்தேன். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்று இருந்தது, எதிலிருந்து என்று இல்லை. ஒரே ஒரு சொல் சொன்னால் போதும் என்பதும் தெரியும். என் நாக்கின் நுனியில் அது இருந்தது. எதிரே ஒரு பெண்மணி திங்கட்கிழமை மாலையிலிருந்து பட்டினி நிற்கிறார்.

"தெரியாது மாமி," என்றேன். "கேட்டுப் பார்த்தேன். கடைக்காரருக்கும் தெரியல்லே."

மாமி கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி ஹண்டேக்கு விறகு வைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். இந்தத் தடவை எவ்வளவு ஊற்றினாலும் அது பெயராது என்பதும், பெயராவிட்டால் பெட்டி இங்கேயே நின்றுவிடும் என்பதும், மாமி எப்போது சாப்பிடுவார் என்பதும் எல்லாம் ஒரேயடியாகத் தலைக்குள் ஓடின.

"சைவம்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நம்பியிருப்பேன்," என்றார் மாமி.

"சொல்லியிருக்கலாம், மாமி."

"சொல்லலியே."

கண்ணைத் திறந்தார். பின்பக்கமாகக் கையை விட்டு, கிருஷ்ணரை உள்ளே வைத்தார். கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தவரை நேராக்கினார். டம்ளரில் பாலை ஆற்றிக் கொண்டுவந்து, கொழும்புக்கும் டெல்லிக்கும் கீழே காட்டினார். பிறகு அங்கேயே, பெட்டியின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, பாலை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார்.

நான் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.